டூம் ரைடர் கேம் பண்ண கோர் டிசைன் கம்பெனி ஏன் காணாம போச்சு?

சிப்புட்_பையன்:

வணக்கம் அண்ணன்மாரே அக்காமாரே, ஒரு சந்தேகம். நான் மலேசியா, சுங்கை சிப்புட். என் தம்பி எஸ்பிஎம் (அஞ்சாம் படிவ பரீட்சை) முடிச்சிட்டு இப்ப வீட்ல தான் இருக்கான், ஆஃபர்ல டூம் ரைடர் ரீமாஸ்டர் (பழைய கேம புதுசாக்குன பதிப்பு) வாங்குனான், அதான் 2024 பிப்ரவரில முதல் மூணு கேமையும் சேத்து அஸ்பைர்னு ஒரு கம்பெனி விட்டாங்களே அது. ராத்திரி வேலை முடிஞ்சு வந்து நானும் அவன்கூட உக்காந்துடுறேன். ஒரு பட்டன தட்டுனா அப்படியே பழைய கிராஃபிக்ஸுக்கு மாறிடுது, மறுபடி தட்டுனா புதுசு, அத மாத்தி மாத்தி பாக்கவே நேரம் போயிடுது.

அதுல கோர் டிசைன்னு பேர் வருது. இவங்க இப்ப என்ன கேம் பண்றாங்கன்னு தம்பி கேட்டான், தேடுனா கம்பெனியே இல்ல. இங்கிலாந்துல டார்பின்னு ஒரு ஊராம், 2006ல வித்துட்டாங்க, 2010ல கதவ சாத்திட்டாங்க. எங்க பாத்தாலும் ஏஞ்சல் ஆஃப் டார்க்னஸ்ங்கற ஆறாவது கேம் சொதப்புச்சு அதோட கதை முடிஞ்சிதுன்னு ஒரு வரில எழுதி வச்சிருக்காங்க, எனக்கு அது ஒத்து வரல. அஞ்சு கேம் வரிசையா உலகம் பூரா ஓடுன கம்பெனி, ஒரே ஒரு கேம் சரியில்லன்னா அழிஞ்சிடுமா?

இன்னொரு விஷயமும் இருக்கு. தம்பிக்கு கேம் டிசைன் டிப்ளோமா படிக்கணும்னு ஆசை. அப்பா பிடி குடுக்க மாட்றாரு. அவ்ளோ பேரு வாங்குன வெள்ளக்காரன் கம்பெனியே மூடிட்டு போச்சுங்கறீங்க, அப்புறம் எதுக்குடா லோன் போட்டு அந்த படிப்புன்னு கேக்குறாரு. அவருக்கு சொல்ற மாதிரி ஒரு ஒழுங்கான பதில் வேணும், தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க.

பழைய_பிஎஸ்_கடை:

தம்பி, இத பாத்துட்டு எழுதாம இருக்க முடியல. 90கள் கடைசில நான் டவுன்ல பிஎஸ் (பிளேஸ்டேஷன்) கடை வச்சிருந்தவன், டிவிய வரிசையா வச்சு மணிக்கு ரெண்டு வெள்ளி (ரிங்கிட்). சனி ஞாயிறு ஆனா தோட்டத்து பசங்க சைக்கிள மிதிச்சிட்டு வந்துடுவானுங்க, பாதி பேரு கைல மெமரி கார்டு இருக்கும், அத பத்திரமா கைக்குட்டைல மடிச்சு கொண்டு வருவானுங்க.

மத்த கேம்ல எல்லாம் கண்ட மேனிக்கு பட்டன அமுக்குவானுங்க, டூம் ரைடர்ல மட்டும் அது நடக்காது. ஒரு பள்ளத்த தாண்டணும்னா மொதல்ல நடக்குற பட்டன பிடிச்சிக்கிட்டே ஓரம் வரைக்கும் போகணும், அந்த பட்டன் கைல இருக்குற வரைக்கும் கேம் ஹீரோயின் லாரா விழ மாட்டா, ஓரத்துல நின்னுடுவா. அங்கருந்து பின்னால ஒரே ஒரு குதி. அந்த ஒரு குதி தான் ஓட்டத்துக்கு சரியான தூரம், இப்ப ஓடிக்கிட்டே ஜம்ப் பட்டன அமுக்கி வச்சா கரெக்டா விளிம்புல எகிறுவா, காத்துல இருக்கும்போதே ஆக்‌ஷன் பட்டன பிடிச்சா அந்தப்பக்க சுவத்த கையால பிடிச்சி தொங்குவா. மொத்த உலகத்தையும் அவங்க ஒரே அளவு கட்டமா தான் கட்டியிருந்தாங்க, நின்னு குதிச்சா இத்தன கட்டம் ஓடி குதிச்சா இத்தன கட்டம்னு எல்லாத்துக்கும் கணக்கு இருந்துச்சு. அதனால விழுந்தா கேம் மேல கோவமே வராது, மறுபடி பாக்கலாம்னு தான் தோணும். கடை பசங்க ஒருத்தன் விளையாட நாலு பேரு பின்னால நின்னு கட்டம் எண்ணுவானுங்க.

இத பண்ணது எத்தன பேருன்னு நெனைக்கிற? ஆறு பேரு டீம். டார்பி பெரிய சிட்டி எல்லாம் கெடையாது, ரோல்ஸ் ராய்ஸ் இன்ஜினும் ரயில் பெட்டியும் செய்யற ஊரு. அங்க கிரெம்லின் கிராஃபிக்ஸ்னு ஒரு கேம் கம்பெனியோட கிளைல வேலை பாத்தவங்க வெளிய வந்து 1988ல ஆரம்பிச்சது தான் கோர் டிசைன். 1989ல ரிக் டேஞ்சரஸ், 1991ல சக் ராக், கொமடோர் அமிகா கம்ப்யூட்டர் வச்சிருந்தவங்களுக்கு இதெல்லாம் தெரியும். அப்புறம் டோபி கார்ட்னு ஒரு பையன் கல்லறைக்குள்ள சுத்துற சாகச கேம் வரைஞ்சு காட்டுனான், மொதல்ல அந்த பொண்ணுக்கு லாரா குரூஸ்னு தான் பேரு, அப்புறம் தான் கிராஃப்ட் ஆச்சு. 1996 கடைசில வந்துச்சு, யூரோப்ல செகா சேட்டர்ன் கேம் மெஷின்ல தான் முதல்ல விட்டாங்க, அடுத்த மாசம் பிஎஸ்லயும் பிசிலயும். 70 லட்சம் காப்பிக்கு மேல போச்சு.

ஆனா அதுக்குள்ள கம்பெனி கை மாறிடுச்சு, இத தான் நெறைய பேரு கவனிக்கறதில்ல. 1994ல சென்டர்கோல்ட்னு ஒரு கம்பெனி கோர வாங்குச்சு, 1996ல சென்டர்கோல்ட்டயே ஐடோஸ்னு ஒரு லண்டன் கம்பெனி வாங்கிடுச்சு. ஆக லாரா வெளிய வரும்போதே அவ ஐடோஸ் சொத்து. டோபி கார்டும் கூட இருந்த பால் டக்ளஸும் 1997லயே கெளம்பிட்டாங்க, லாராவ விளம்பரத்துல காட்டுற விதம் கார்டுக்கு பிடிக்கல, தன் கைல அதிகாரமும் இல்ல. கேம் வந்து ஒரு வருஷம் கூட முழுசா ஆகல, அத பெத்தவன் வெளிய.

அதுக்கப்புறம் பாரு, 1997ல ரெண்டாவது, 1998ல மூணாவது, 1999ல லாஸ்ட் ரெவலேஷன், 2000ல குரோனிக்கிள்ஸ். வருஷம் தவறாம தீபாவளி முடிஞ்ச கையோட ஒன்னு வந்து நிக்கும். எனக்கு கடைக்காரனா அது நல்லா தான் இருந்துச்சு, ஆனா நாலாவது அஞ்சாவது வரும்போது பசங்களே அண்ணே இது பழசு மாதிரியே இருக்குன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டானுங்க. பண்றவங்களுக்கும் அலுத்துப்போச்சு. லாஸ்ட் ரெவலேஷன் முடிவுல எகிப்துல கோயில் இடிஞ்சி விழுந்து லாரா உள்ள மாட்டிக்குறா பாத்தியா, அத சும்மா கதைக்காக வைக்கல, போதும்டா சாமின்னு டீமே அவள கொன்னுட்டாங்க. ஐடோஸ் விடல. செத்தவள வச்சும் அடுத்த வருஷம் ஒரு கேம், துக்கத்துக்கு வந்தவங்க உக்காந்து பழைய கதை பேசுற மாதிரி. சரக்கு இல்லாம பண்ணாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், தூங்க விடாம பண்ண வச்சாங்கன்னு தான் சொல்வேன்.

பிக்சல்_அக்கா:

பிஎஸ் கடை அண்ணே சொன்னதுல முக்கால்வாசி சரி, ஆனா பழி பூரா ஐடோஸ் மேல போடறத நான் ஒத்துக்க மாட்டேன். நான் பீடோர் பக்கம் தோட்டத்துல வளந்தவ, இப்ப கேஎல்ல (கோலாலம்பூர்) ஒரு ஸ்டுடியோல 3டி ஆர்ட்டிஸ்ட்டா இருக்கேன், அதனால இந்த கதைய வேற கண்ணால பாக்குறேன்.

வருஷத்துக்கு ஒன்னு எப்படி விட முடிஞ்சுது? அந்த கட்டம் கட்டமா லெவல் கட்டுற எடிட்டர் சாஃப்ட்வேர் கைல இருந்ததால தான். லெவல் போடறவங்க ஒரு ரூம கட்டி உடனே ஓடி பாத்துக்கலாம், புரோகிராமருக்காக காத்துக்கிட்டு இருக்க வேண்டாம். கோரோட உண்மையான சொத்து லாராவோட முகம் இல்ல, அந்த எடிட்டர். பிஎஸ்2 வந்ததும் அத தூக்கி வச்சிட்டு எல்லாத்தையும் புதுசா எழுத ஆரம்பிச்சாங்க. அதுவும் எப்ப, ஒரு டீம் குரோனிக்கிள்ஸ்ல மாட்டிக்கிட்டு இருக்கும்போது இன்னொரு டீம் ஏஞ்சல் ஆஃப் டார்க்னஸ ஆரம்பிக்குது. முதல் கேம் பண்ண பெரிய கைங்க சில பேரு அந்த நேரத்துல 2001ல வந்த புராஜெக்ட் ஈடன்ல இருந்தாங்க. வழக்கமான ஆளுங்களும் இல்ல, வழக்கமான கருவியும் இல்ல.

அப்படி இருக்கும்போது சின்னதா ஆரம்பிக்கணுமா இல்லயா? இவங்க எல்லாத்தையும் ஒரே கேம்ல போட பாத்தாங்க. பாரிஸ் தெருல ஆளுங்ககிட்ட பேசி பதில் தேர்ந்தெடுக்கணும், ஒளிஞ்சி நடக்கணும், கர்ட்டிஸ்னு இன்னொரு ஹீரோவையும் விளையாடணும், தொங்குறதுக்கு கைல தெம்பு அளவு வேற. பீரோவ தள்ளுனா தான் லாராவுக்கு பலம் கூடும், அப்ப தான் அடுத்த கதவு உடையும். கோயில்ல கட்டம் எண்ணி குதிச்சவங்களுக்கு இது என்ன சம்பந்தம்? அதோட இத ஒரு கேமா கூட நெனைக்கல, தொடர் கதையா கொண்டு போற திட்டம், பாதிய வெட்டி போட்டுட்டு வெளிய விட்டாங்க. 2002ல வரவேண்டியது தள்ளி தள்ளி 2003 ஜூன், ஜூலைல வந்துச்சு. அதுக்கு மேல ஐடோஸால பொறுக்க முடியல, கணக்கு வருஷம் முடியுது, ஹாலிவுட்ல ரெண்டாவது டூம் ரைடர் படமும் அந்த ஜூலைல தான். பட்டன அமுக்குனா லாரா ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு தான் நகருவா, அப்படி ஒரு நெலமைல கடைக்கு வந்துடுச்சு. படம் சரியா ஓடலன்னதும் பட கம்பெனி பாரமவுண்ட் அந்த பழியையும் கேம் மேலயே போட்டாங்க.

இதுல திட்டம் போட்டது டார்பி ஆளுங்க, அவசரப்படுத்துனது லண்டன். ரெண்டும் சேந்து தான். நான் இத கோவத்துல எழுதல, அந்த கேம்ல பாரிஸ் கல்லறை, பிராக் ஊரு எல்லாம் எவ்ளோ அழகா வரைஞ்சிருக்காங்கன்னு போய் பாருங்க. அத வரைஞ்சவங்க ராத்திரி பகலா உழைச்சிருக்காங்க, அது ஒவ்வொரு சுவத்துலயும் தெரியுது. 2025 பிப்ரவரில நாலு அஞ்சு ஆறு மூணையும் ரீமாஸ்டர் பண்ணி விட்டாங்க, அதுல கண்ட்ரோல திருத்தி, அப்ப வெட்டுன சில விஷயத்தயும் திரும்ப சேத்திருக்காங்க. தம்பிக்கு அதயும் வாங்கி குடுங்க, அந்த கேம ஒரு தடவையாவது ஒழுங்கா விளையாடணும்.

தாப்பா_மச்சான்:

நடுவுல ஒரு கேள்வி, மூணாவது கேம்ல இந்தியா லெவல்ல ஆறு கைல கத்திய வச்சிக்கிட்டு ஒரு செலை நிக்குமே, கிட்ட போனா உசுரு வந்து வெட்ட வரும், எல்லாரும் அத சிவான்னு தான் சொல்வாங்க. எங்க பாட்டி அத பாத்துட்டு சாமிய போய் சுடுறியாடான்னு டிவி சுவிட்ச ஆஃப் பண்ணிட்டாங்க, அந்த லெவல பாட்டி கோயிலுக்கு போற நேரமா பாத்து தான் முடிச்சேன். அவன் கத்திய குறுக்க பிடிச்சிட்டு வரும்போது எவ்ளோ சுட்டாலும் குண்டு ஏறாது, வெட்ட கைய தூக்கும்போது தான் ஏறும், யாராச்சும் ஈசியான வழி கண்டுபிடிச்சீங்களா?

பழைய_பிஎஸ்_கடை:

தாப்பா தம்பி, பின்னால குதிச்சி குதிச்சி போய்ட்டே சுடு, அவன் கைய தூக்குற நேரம் ஷாட்கன். பாட்டி சொன்னதுல தப்பு இல்ல, எனக்கும் அந்த எடம் உறுத்தும். அந்த ஊர நேர்ல பாத்தவன் யாரும் அப்படி ஒரு கோயில கட்டியிருக்க மாட்டான், ஆனா காடும் கொரங்கும் புலியும் வர்ற ஆரம்பம் இருக்கே, சறுக்கிக்கிட்டே எறங்குவோமே, அது நம்ம பசங்களுக்கு ரொம்ப பிடிச்ச லெவல்.

பிக்சல் தங்கச்சி சொன்னத ஏத்துக்குறேன், திட்டம் பெருசா போயிடுச்சு. ஆனா அதுக்கப்புறம் நடந்தத யாரும் எழுதல. கேம் வந்த அந்த ஜூலைலயே கோரோட தலைவர் ஜெரமி ஹீத் ஸ்மித் வெளிய போயிட்டாரு. அவரு அதே டார்பில சர்க்கிள் ஸ்டுடியோன்னு ஒன்னு ஆரம்பிச்சாரு, கோர் ஆளுங்க கொஞ்ச பேரு கூட போனாங்க, அதுவும் 2007ல மூடியாச்சு. லாராவ ஐடோஸ் அமெரிக்கால இருந்த தன்னோட இன்னொரு கம்பெனி கிரிஸ்டல் டைனமிக்ஸ் கைல குடுத்துடுச்சு, 2006ல லெஜண்ட் வந்து நல்லாவே ஓடுச்சு. அதுல ஆலோசனைக்கு யார கூப்டாங்கன்னு பாரு, டோபி கார்ட.

எனக்கு மனசு கேக்காதது வேற ஒன்னு. டார்பில மிச்சம் இருந்தவங்க முதல் கேமோட பத்தாம் வருஷத்துக்காக கைல வச்சு விளையாடுற பிஎஸ்பில அதே கேம திரும்ப பண்ணிக்கிட்டு இருந்தாங்க. பாதி வேலை ஆகி இருந்துச்சு, வீடியோ கூட 2006ல வெளிய கசிஞ்சுது, பாத்தவங்க எல்லாம் நல்லா இருக்குன்னாங்க. ஐடோஸ் அத நிறுத்திட்டு அந்த வேலையையும் கிரிஸ்டலுக்கே குடுத்துச்சு, அது தான் 2007ல வந்த ஆனிவர்சரி. தன் கையால பெத்தத தானே புதுப்பிக்க கூட விடல. அந்த 2006 மே மாசமே கோர் ஆளுங்களையும் மேஜை நாற்காலியையும் ஆக்ஸ்ஃபோர்டு ரெபெல்லியன் கம்பெனி வாங்கிடுச்சு, கோர் டிசைன்ங்கற பேரும் லாராவும் ஐடோஸ்கிட்டயே நின்னுடுச்சு. பேரு ரெபெல்லியன் டார்பி ஆச்சு, 2010ல அதுவும் மூடியாச்சு. அதே 2010ல தான் டார்பி ஜனங்க ஓட்டு போட்டு அங்க ஒரு புது ரோட்டுக்கு லாரா கிராஃப்ட் வேன்னு பேரு வச்சாங்க.

சிப்புட்_பையன்:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா எழுதுவீங்கன்னு நெனைக்கல. எல்லாத்தையும் அப்பாவுக்கு படிச்சி காட்டுனேன். ஆளுங்கள ஒரு பக்கம் வித்துட்டு பேர ஒரு பக்கம் வச்சிக்கிட்டாங்கன்னு வந்த எடத்துல அவரு நிறுத்த சொன்னாரு. எங்க தோட்டமும் அப்படி தான், அவரு வேலை செஞ்ச காலத்துலயே கை மாறிக்கிட்டே இருந்துச்சு, ஒவ்வொரு தடவையும் வாசல்ல போர்டு மாறும், கிராணி மாறுவாரு, ரப்பர வெட்டி செம்பனை நட்டாங்க, கடைசில லயத்து வீட்ட காலி பண்ண சொல்லி லெட்டர் வந்துச்சு. வேலை தெரிஞ்சவங்க அதே ஆளுங்க தான், முடிவு எடுக்கறவன் மட்டும் எங்கயோ இருப்பான்னு சொன்னாரு. அதுக்கப்புறம் அவரே ஒரு கேள்வி கேட்டாரு, ஐடோஸாவது நல்லா இருக்கான்னு.

அப்புறம் அக்கா, இங்க நம்ம நாட்டுல நெலமை எப்படி? அப்பா இப்ப கொஞ்சம் எறங்கி வந்திருக்காரு, ஆனா படிச்சிட்டு வந்தா வேலை இருக்கா, இல்ல இங்கயும் நாளைக்கே மூடிட்டு போயிடுவானுங்களான்னு பயம் அவருக்கு. பயம் எனக்கும் தான், பிடிபிடிஎன் (அரசாங்க படிப்பு கடன்) லோன் என் பேர்ல ஜாமீன் போட்டாலும் போடணும்.

பிக்சல்_அக்கா:

தம்பி, அப்பா கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்றேன். ஐடோஸும் தப்பிக்கல. 2005ல எஸ்சிஐன்னு இன்னொரு பிரிட்டிஷ் கம்பெனி அத வாங்குச்சு, 2009ல ஜப்பான் ஸ்கொயர் எனிக்ஸ் வாங்குச்சு, சுமார் 84 மில்லியன் பவுண்ட். 2022ல ஸ்வீடன் எம்ப்ரேசர் வந்து லாராவையும் கிரிஸ்டலையும் இன்னும் ரெண்டு ஸ்டுடியோவையும் 300 மில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்குச்சு. பொண்ணு மட்டும் இன்னும் ஊர் ஊரா போய்க்கிட்டு இருக்கா.

இங்க நெலமைய மறைக்காம சொல்றேன். வேலை இருக்கு. பால்டர்ஸ் கேட் மூணு பண்ண லாரியனுக்கு கேஎல்ல ஸ்டுடியோ இருக்கு, சோனி பிளேஸ்டேஷனுக்கே மலேசியால ஸ்டுடியோ இருக்கு, கார் ரேஸ் கேம் பண்ற பிரிட்டிஷ் கம்பெனி கோட்மாஸ்டர்ஸ் ரொம்ப முன்னாடியே இங்க ஆர்ட் ஸ்டுடியோ தொறந்தாங்க. நம்ம ஆளுங்களே சொந்தமா நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்னு ஒரு கேம் பண்ணி 2020ல வெளிய விட்டாங்க. ஆனா இதுல பாதி வேலை வெளிநாட்டு கேமுக்கு பாகம் செஞ்சி குடுக்குற வேலை தான், கார் டயரு, மரம், கதவு, கல்லு. புராஜெக்ட் முடிஞ்சா ஆள் குறைப்பாங்க, முடிவு லண்டன்லயோ கலிஃபோர்னியாலயோ எடுப்பாங்க, அப்பா சொன்னது இங்கயும் அப்படியே தான். நானும் ஒரு ஸ்டுடியோ மூடுனப்ப வெளிய வந்தவ தான், பேரு வேண்டாம். மூணு மாசம் ரூம் வாடகைக்கே திண்டாட்டம், அப்புறம் பழைய டீம்ல கூட இருந்தவங்களே இன்னொரு எடத்துக்கு கூப்டாங்க. கம்பெனி போனாலும் கூட வேலை செஞ்சவன் உன் வேலைய பாத்திருப்பான், இந்த தொழில்ல அது தான் கைல நிக்கும்.

அதனால லோன்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒன்னு பண்ணுங்க. நான் மேல எடிட்டர் பத்தி சொன்னேன் இல்ல, 2000ல குரோனிக்கிள்ஸ் பிசி பதிப்போட கோர் அந்த எடிட்டரையே வெளிய குடுத்துட்டாங்க, யார் வேணா லெவல் கட்டலாம்னு. கம்பெனி போயி இவ்ளோ வருஷம் ஆச்சு, ரசிகருங்க அத விடல, டூம் எடிட்டர்னு அவங்களே புதுசா ஒன்னு எழுதி இலவசமா வச்சிருக்காங்க, சாதாரண லேப்டாப்லயே ஓடும். தம்பிய உக்காந்து ஒரு லெவல் கட்ட சொல்லு. பெருசா வேண்டாம், நாலஞ்சு ரூம், ஒரு சாவி, ஒரு கதவு, ஓடி பிடிச்சி தொங்குற மாதிரி ஒரு பள்ளம். எகிப்து எல்லாம் எதுக்கு, அவனுக்கு தெரிஞ்ச எடத்த கட்டட்டும், ஆத்தங்கரை, பழைய ரப்பர் ஸ்டோர், சுண்ணாம்பு குகை, சிப்புட் பக்கம் மலைக்கு என்ன பஞ்சம்.

ஒன்னு மட்டும் பாத்துக்க சொல்லு, லைட்ட கடைசில வைக்காம ஒவ்வொரு ரூம் கட்டும்போதே வைக்கணும், அடுத்து எங்க போகணும்னு விளையாடறவனுக்கு லைட்டு தான் வழி காட்டும். முடிச்சிட்டு ஃபைல இங்க போட சொல்லு, நான் விளையாடி பாத்து எங்க கட்டம் இடிக்குது எங்க ஜம்ப் தப்புதுன்னு ஒன்னொன்னா எழுதுறேன். பாதில போர் அடிச்சி விட்டுட்டான்னா அதயும் சொல்லு, அப்ப டிப்ளோமாவுக்கு அவசரப்பட வேண்டாம்.

பழைய_பிஎஸ்_கடை:

எனக்கும் ஒரு காப்பி அனுப்பு தம்பி. லாரா வீட்டு வேலைக்கார பட்லர் கிழவன, அப்ப நம்ம பசங்க பூட்டி வச்ச மாதிரி, பூட்டி வைக்க ஒரு குளிர் ரூம் கண்டிப்பா வைக்க சொல்லு.